செல்வதாசின் ரிவால்வருக்கு வாரண்டி உண்டு

'டிக்' என்றது ரிவால்வர்.

அருமனைக்கு மேற்கே, கல்லுடைப்பு நின்றுபோன ஒரு பாறைக்குழிக்குள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். சுடுகிறவர் ரப்பர் தோட்டக்காரர் செல்வதாஸ். அவருக்குப் பின்னால், இரண்டு காதுகளிலும் விரலை விட்டுக்கொண்டு, ஸ்டேஷனிலிருந்து சாட்சிக்கு அனுப்பப்பட்ட கான்ஸ்டபிள். பக்கத்தில், தோளில் கருவிப் பையோடு, ரிவால்வர் கம்பெனியின் சர்வீஸ் ஆள் ஜஸ்டஸ்.

செல்வதாஸ் மறுபடியும் விசையை இழுத்தார். டிக். இன்னொரு முறை. டிக். ஆறு அறையும் ஒரு சுற்று சுற்றி முடிந்தது. கான்ஸ்டபிள் ஒரு காதிலிருந்து மட்டும் விரலை எடுத்தார்.

"வெடிச்சுதா?"

"வெடிச்சா ஒமக்கு கேக்காதா வேய்?" என்றார் செல்வதாஸ். பிறகு ஜஸ்டஸின் பக்கம் திரும்பினார். "தம்பி, இது தோக்கா, பிள்ளையளு கிறிஸ்மசுக்கு வச்சு வெளையாடுத சாமானா? அதில பொட்டுவெடி வச்சா அதுவும் வெடிக்குமே."

வடக்கே, அந்தக் கம்பெனியின் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் ஜஸ்டஸுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஒரு ரிவால்வர் வெளியே வருவதற்குள் எத்தனை பேர் அதை அளந்து, சுட்டு, துடைத்து, மறுபடி அளக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தவன். அதனால் ரிவால்வரை வாங்கி, தன் பையிலிருந்த குண்டுகளைப் போட்டுப் பாறையைப் பார்த்துச் சுட்டான். ஆறும் வெடித்தன. ரப்பர் மரங்களிலிருந்த காக்கைகள் மொத்தமாக எழும்பிப் போயின.

"தோக்கில குறை இல்ல அண்ணாச்சி. குண்டிலதான்."

"குண்டும் ஒங்க டீலருக்க கடையில வாங்கினதுதான். எனக்க பெட்டியில இருந்தா வெடிக்காது, ஒமக்க பையில இருந்தா வெடிக்கும். அப்போ கள்ளன் வரும்போ ஒம்மையும் பக்கத்தில கூட்டி நிறுத்தணுமா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. செல்வதாசின் கொட்டகையிலிருந்து கொஞ்ச நாளாக ரப்பர் ஷீட்டு கட்டுக்கட்டாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. அதற்காகவே அலைந்து திரிந்து லைசென்ஸ் எடுத்து, புது ரிவால்வர் வாங்கினார். வாங்கிய பிறகும் கள்ளன் வந்தான். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, தலையில் ஷீட்டுக் கட்டோடு ஒருவன் கொட்டகையை விட்டு வெளியே வருவதை இவர் கண்டார். குறி பார்த்தார். இழுத்தார். டிக்.

"ஓடினான்னா எனக்கு வருத்தமில்ல தம்பி" என்றார் செல்வதாஸ். "அவன் கொஞ்சம் நின்னான். கெழவனுக்கு வெடிக்கலியேன்னு எனக்கு வேண்டி வருத்தப்பட்டிட்டு, நடந்து போனான்."

இந்தப் புகார் எழுத்தில் கம்பெனிக்குப் போய்விட்டது. ஜஸ்டஸுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மஸ்கட்டில் பல வருஷம் வியர்த்துவிட்டு, இனி ஊரோடு இருக்கலாம் என்று வந்து பிடித்த வேலை. அவன் மகளுக்கு அப்பா என்றால் போனுக்குள் பேசுகிற ஒரு முகம் என்ற எண்ணம் இப்போதுதான் மாறத் தொடங்கியிருந்தது. "புகார் முடியாவிட்டால் உங்கள் இடத்துக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்" என்று மானேஜர் மிகவும் மரியாதையாகச் சொல்லியிருந்தார்.

ஆகவே ஜஸ்டஸ் முறைப்படி தொடங்கினான். முதலில், குண்டின் அடியைத் தட்டும் சுத்தியல் பலமாக அடிக்கட்டும் என்று கடினமான ஸ்பிரிங் ஒன்றை மாற்றிப் போட்டான்.

செல்வதாஸ் ஒரு விரலால் இழுத்தார். அசையவில்லை. இரண்டு விரலால் இழுத்தார். முகம் சிவந்தது. கடைசியில் இரண்டு கையாலும் இழுத்தபோது டிக் என்றது. சுளுக்கிய விரலில் துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு கையும் இழுக்கப் போனா, தோக்கைப் பிடிக்கியது ஆரு?"

அடுத்து, ரிவால்வரையே மாற்றுவது என்று முடிவாயிற்று. அதற்குக் கலெக்டர் ஆபீசில் அனுமதி, லைசென்சில் புது நம்பர், ஸ்டேஷனில் கையெழுத்து. எல்லாவற்றையும் ஜஸ்டஸே நடந்து முடித்தான். புது ரிவால்வர் வந்தது. பழையதைவிட ஒழுங்காக, அழகாக டிக் என்றது.

அந்த வீட்டில் ஜஸ்டஸை அன்பாக நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் செல்வதாசின் மனைவி லீலாபாய். வரும்போதெல்லாம் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்துவிட்டு, எதிரில் நின்று கவலையோடு கேட்பார்.

"சரியாயிருமா தம்பி?"

"கட்டாயம் சரியாக்கித் தருவேன் அம்மா. நீங்க மனசை அலட்டாதிங்க."

அதைக் கேட்டதும் லீலாபாயின் முகம் மேலும் வாடும். நம்முடைய வேலைமேல் இந்த அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லையே என்று ஜஸ்டஸுக்கு மீன்முள் தொண்டையில் நிற்பது போலிருக்கும்.

இன்னொருவன் இளைய மகன் சிஜோ. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து, போனிலேயே ஏதோ வியாபாரம் பார்க்கிறவன். ஜஸ்டஸின் பையை வாங்கிக்கொண்டு ரோடு வரை கூட வருவான்.

"அண்ணே, இப்பம் வெடிக்குமா?"

"இப்ப இல்ல. வெடிக்க வைப்பேன்."

"சரியாச்சுன்னா ஒடனே எனக்கொரு போன் போட்டுச் சொல்லணும், கேட்டியளா? ராத்திரியானாலும் பரவாயில்ல."

இந்தக் காலத்தில் தகப்பன்மேல் இத்தனை அக்கறை உள்ள பிள்ளை உண்டா என்று ஜஸ்டஸ் வீட்டில் போய் மனைவி கிரேசியிடம் சொன்னான். கிரேசி சோறு போட்டுக்கொண்டே, "விசா ஏஜென்டு இன்னைக்கும் போனில விளிச்சான்" என்றாள்.

மூன்றாவதாக ஜஸ்டஸுக்குப் பட்டது ஈரம். மழைக்காலம் வேறு. குண்டின் அடிப்பாகத்தில்தான் தீப்பொறி கொடுக்கும் மருந்து இருக்கிறது, அதில் ஒரு துளி எது இறங்கினாலும் குண்டு செத்துவிடும் என்று வீட்டாருக்கு விளக்கினான்.

"அதனால குண்டை நல்லா காய்ஞ்ச, சூடுள்ள இடத்தில வைக்கணும் அண்ணாச்சி."

செல்வதாஸ் யோசித்தார். அந்த மழையில், அந்தத் தோட்டத்தில், காய்ந்த சூடான இடம் ஒன்றுதான் இருந்தது. ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரை. குண்டுகளைப் பால்பொடி டின்னில் போட்டு, அடுப்புக்கு நேர்மேலே கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்.

மறுநாள் தீ மூட்டவந்த வேலைக்காரர், டின்னில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். பார்த்தவர் கதவு வழியாக வரவில்லை, கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு வந்தார். அதன்பிறகு ஒருத்தரும் புகைப்புரைக்குள் கால் வைக்க மறுத்துவிட்டார்கள். புகை காணாத ஷீட்டெல்லாம் பூசணம் பூத்துப்போயிற்று. 'தங்கள் சர்வீஸ் ஆளின் ஆலோசனைப்படி' என்று தொடங்கி, செல்வதாஸ் கம்பெனிக்கு இன்னொரு கடிதம் போட்டார்.

மானேஜரின் மரியாதை இப்போது இன்னும் கூடியிருந்தது. "மிஸ்டர் ஜஸ்டஸ், இதுதான் கடைசி வாய்ப்பு."

ஜஸ்டஸ் தொழிற்சாலை முத்திரை உடையாத பெட்டியில் புதுக் குண்டுகளை வரவழைத்தான். ஒரு புதன்கிழமை டீலரையும் கூட்டிக்கொண்டு வந்து, கான்ஸ்டபிள் முன்னிலையில் பெட்டியை உடைத்து, செல்வதாசின் கையாலேயே மூன்றைச் சுடவைத்தான். மூன்றும் வெடித்தன. பாறைக்குழியின் சத்தம் வீடு வரை கேட்டிருக்க வேண்டும். திரும்பி வந்தபோது லீலாபாய் அடுக்களைப் படியில் உட்கார்ந்து, சேலைத் தும்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆனந்தக் கண்ணீரைப் பார்த்துவிட்டு ஜஸ்டஸ் போனை எடுத்தான். சொன்ன வாக்குப்படி சிஜோவுக்குப் போன் போட்டான்.

"வெடிச்சுது மக்கா."

"மூணுமா அண்ணே?" என்றான் சிஜோ.

"மூணும்."

"சந்தோஷம்" என்றான் சிஜோ.

செல்வதாஸ் புகார் தீர்ந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கிரேசி ஏஜென்டுக்கு வேண்டாம் என்று சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜஸ்டஸ் மகளைக் கூட்டிக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போய்க் கடல் காட்டினான். அலைக்கு முன்னால் நிற்கும்போதுதான் செல்வதாசின் போன் வந்தது.

"தம்பி, சும்மா ஒண்ணு பாப்போம்ன்னு பாறைக்குழியில போய் இழுத்தேன்."

"என்னாச்சு அண்ணாச்சி?"

"நான் எதுக்குச் சொல்லணும். ஒமக்குத் தெரியாத சத்தமா?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஜஸ்டஸ் போனான். ரிவால்வரை அக்கக்காகக் கழற்றி வாழையிலையில் பரப்பினான். அளவெல்லாம் நூல் பிசகாமல் இருந்தது. அவன் பையிலிருந்த குண்டு வெடித்தது. வீட்டுப் பெட்டியிலிருந்த குண்டு வெடிக்கவில்லை. மானேஜர் சொன்னபடி அன்று மாலைக்குள் காரணத்தை எழுதி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ராஜினாமாவை எழுதி அனுப்ப வேண்டும். செல்வதாஸ்கூட இந்த முறை திட்டவில்லை.

"ஒம்ம மேல எனக்குக் கோபமில்ல தம்பி. ஒமக்கும் நேரம் சரியில்ல, எனக்கும் சரியில்ல" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டார்.

ஜஸ்டஸ் கிணற்றடித் துவைகல்லில் போய் உட்கார்ந்தான். அப்போதுதான் ராகேல் கையில் வேதாகமத்தோடு நடைவாசல் ஏறி வந்தார். லீலாபாய் வீட்டில் வாராவாரம் நடக்கும் பெண்கள் உபவாச ஜெபத்தை நடத்துகிறவர். ஜெபத்துக்கு முன்கூட்டியே வந்துவிடும் பழக்கம்.

"என்ன மக்கா, மொகம் இப்பிடிக் கெடக்கு?"

கேட்பதற்கு ஒரு ஆள் கிடைத்ததும் ஜஸ்டஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். குண்டை, மானேஜரை, மஸ்கட்டை, மகளை.

"பிள்ளை இப்பதான் எனக்க கையில கெடந்து உறங்கத் தொடங்கிச்சு அம்மா. இனி நான் திரும்பிப் போனா, வாற நேரம் அவளுக்கு என்னை அடையாளம் தெரியாது."

ராகேல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுக்களை ஜன்னலைப் பார்த்தார். உள்ளே லீலாபாய் எதையோ கழுவிக்கொண்டிருந்தார். முற்றத்தில் சிஜோ பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் குண்டு வெடிச்சாத்தான் ஒமக்கு வேலை நிக்குமா?"

"வெடிக்கணும்ன்னு இல்ல. ஏன் வெடிக்கல்லன்னு எழுதினாலும் நிக்கும். அந்தக் காரணம்தான் எனக்குக் கிடைக்கல்ல."

"காரணத்த எழுதினா அண்ணாச்சிக்கும் தெரியுமா?"

"அவருக்கும் ஒரு நகல் போவும்."

ராகேல் கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்து, ஜஸ்டஸின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொல்லுதேன். எழுதுததும் எழுதாததும் ஒமக்க மனசாட்சி."

"சொல்லுங்க அம்மா."

"குண்டுக்குத் தலை எது, கால் எதுன்னு எங்களுக்குத் தெரியாது மக்கா, அதனால வெள்ளிக்கிழமை தோறும் ஜெபிச்சு ரெண்டு பக்கமும் எண்ணெய் பூசித் துடைச்சு வைப்போம், ராத்திரி ஷீட்டு எடுக்க வாறது லீலாபாய்க்க மொவன் சிஜோவாக்கும்."