சூட்டு நம்பரும் டிராம் தண்டவாளமும்

பெண்டிகோ,
செவ்வாய்க்கிழமை.

பழைய கார் அன்பர் சங்க இதழின் ஆசிரியர், மதிப்பிற்குரிய திரு. நெவில் கிராடக் அவர்களுக்கு, உறுப்பினர் லெஸ் ட்ரெகெல்லஸ் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் புது முழங்கால் நன்றாக மடங்குகிறது என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். இங்கே நான், மனைவி தெல்மா, மகள் கெரின் மூவரும் உடம்புக்குச் சுகம். மனசுதான் சரியில்லை.

தங்கள் இதழில் ‘தீப்பொறி’ என்ற புனைபெயரில் எஞ்சின் யோசனை எழுதும் ஆசாமி யார்? அவரை உடனே நீக்க வேண்டும். பதினோரு வருடமாக அவர் எழுதியதையெல்லாம் வெட்டி ஒட்டி, காலை டோஸ்டோடு தெல்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டியவன் நான். அந்த வாயாலேயே இதைச் சொல்ல நேர்ந்ததே என்று அதிர்ந்துபோயிருக்கிறேன்.

வரும் சனிக்கிழமை கெரினுக்குக் கல்யாணம். நமது 1964 ஹோல்டன் காரில்தான் சர்ச்சுக்குப் போவேன் என்று ஏழு வயதிலேயே என்னிடம் வாக்கு வாங்கியவள் அவள். நான் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டுவதால் ஸ்பார்க் பிளக் ஆறிலும் கரி பிடிக்கிறது. ‘ஒரு படி சூடான பிளக் போடுங்கள், கரி தானே எரிந்துபோகும்’ என்று தீப்பொறி எழுதினார். பிளக்கின் சூட்டு நம்பர் கூடினால் சூடு கூடும், இது என் அப்பா காலத்துப் பாடம். வழக்கமான கம்பெனி பிளக் கடையில் இல்லாததால் வேறு கம்பெனியில் ஒரு நம்பர் ஏற்றி வாங்கினேன். கரி கூடியது. சூடு போதவில்லை என்று இன்னும் ஒரு நம்பர் ஏற்றினேன். இன்னும் கரி! “லெஸ், அது எந்தக் கம்பெனி டப்பா? கொஞ்சம் காட்டேன்” என்றாள் தெல்மா. “நீ கல்யாணக் கேக்கைப் பாரு” என்றேன். ஞாயிறன்று சங்கத் தேநீரில் வழக்கம்போல் ஆளுக்கொரு பிளக்கைக் கழற்றித் தட்டில் வைத்தோம்; எல்லோருடையதும் ஆரோக்கியமான பால் டீ நிறத்தில் இருக்க, நம் மூத்த உறுப்பினர், கண் மங்கிய கிளாரி, கரி அப்பிய என்னுடையதைச் சாக்லேட்டில் தோய்த்த லாமிங்டன் கேக் என்று எடுத்து வாயருகே கொண்டுபோய்விட்டார். நம்பரை யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து, மேலும் இரண்டு நம்பர் ஏற்றினேன்.

நேற்று ஒத்திகை. கல்யாணக் கவுன் பின்சீட்டில் அடங்குமா என்று பார்க்க கெரின் அதை உடுத்தியே வந்தாள். நடுத்தெருவில், டிராம் தண்டவாளத்தின் மேல், வண்டி இருமி இருமி நின்றது. பின்னால் மணி அடித்துக்கொண்டு டிராம்.

“என்ன பெருசு, கல்யாணமா, எழவா?” என்றார் டிராம் ஓட்டுநர். பயணிகள் படம் பிடித்தார்கள். கவுனைத் தொடப்போன என் கரிக்கையைத் தெல்மா தட்டிவிட்டாள்.

“அப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள இது ஓடலைன்னா, நான் மாப்பிள்ளையோட மாமா கார்ல போயிடறேன்” என்று கெரின் அழுதாள். அது மின்சாரக் கார். அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாதாம், நெவில்!

ஆகவே அந்தத் தீப்பொறியை நீக்கி, பெயரையும் விலாசத்தையும் எனக்குத் தெரிவிக்கவும். இல்லத்தார் அனைவருக்கும் என் அன்பு. முழங்காலைக் குளிரில் காட்டாதீர்கள்.

தங்கள் உண்மையுள்ள,
லெஸ் ட்ரெகெல்லஸ்

பி.கு.: மேலே எழுதிய யாவும் ரத்து. உறை கேட்டேன், கொண்டுவந்த தெல்மா தோளுக்குப் பின்னால் நின்று முழுக்கப் படித்துவிட்டாள். நான் வாங்கிய கம்பெனியில் நம்பர் ஏற ஏறச் சூடு குறையுமாம். “ஒவ்வொரு கம்பெனிக்கும் கணக்கு வேற, அட்டவணையைப் பாருங்கன்னு அதே பக்கத்துல கீழ எழுதியிருந்தேனே, லெஸ்” என்றாள். எழுதியிருந்தேனே! அந்தத் தீப்பொறி என் தெல்மாவேதான். “ஏன் உன் பேரைப் போடலை?” என்றேன். “போட்டிருந்தா நீ படிச்சிருப்பியா?” என்றாள். இது உங்களுக்கும் தெரியுமாமே, நெவில்! அரை மணியில் சரியான பிளக் ஆறையும் மாட்டிவிட்டாள். வண்டி மடியில் படுத்த பூனைபோல் உறுமுகிறது. சனிக்கிழமை கெரின் இதில்தான் போகிறாள். ஓட்டுவது தெல்மா. கையைக் கழுவிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்து வருவது என் வேலை. இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன், அவள் விடவில்லை. “அப்படியே அனுப்பு. அடுத்த மாச இதழ்ல என் பக்கத்துல பதில் சொல்றேன்” என்கிறாள்.