நாற்பது லிட்டர் பாசம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அளந்து பார்க்காததை எழுதி எனக்குப் பழக்கமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்கு உங்கள் மேல் எட்டு மாதக் கோபம். நீங்கள் விட்டுப்போன மீன் துரை நலம். போன் செய்தால், "குரலைக் கேட்டா அழுதுடுவேன்டா" என்று செய்தி அனுப்பிவிட்டு எடுக்க மறுக்கிறீர்கள். அதனால் கடிதம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வாடகை அறையைக் காலி செய்யாதீர்கள். பெட்டியைக் கட்டாதீர்கள், கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். போன வாரம் நான் அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: "வீட்டில் பாசம் தாங்க முடியவில்லை. எவ்வளவு அடக்கினாலும் மறுநாள் பொங்கி வருகிறது. அப்பா அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார். உடனே வழி சொல்லுங்கள்." இதற்கு நீங்கள் ஏழு பக்கம் பதில் எழுதியிருக்கிறீர்கள். நாலாம் பக்கத்தில் மை கரைந்திருக்கிறது. "அண்ணன் மனசு எனக்குத் தெரியும்டா, மாசக் கடைசியில பெட்டியோட வந்துடுறேன்" என்று முடித்திருக்கிறீர்கள். சித்தப்பா, நான் சொன்னது மீன் தொட்டியில் பிடித்திருக்கும் பாசி. நம் வீட்டில் வழுக்குகிற எதற்கும் பாசம் என்றுதானே பெயர்? துணி துவைக்கும் கல்லில் வழுக்கி அப்பா மல்லாந்தபோது, கை கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் சிரித்தீர்களே, அந்தப் பாசம். அந்தச் சிரிப்பில் மூண்ட சண்டையில்தான் நீங்கள் வீட்டை விட்டுப் போனது. உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பேருந்தில் ஏற்ற முடியாது என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனதும் அன்றைக்குத்தான்.

நான் ஆலையில் கொதிகலனுக்குத் தண்ணீர் பார்க்கிறவன். மூன்று லட்சம் லிட்டரில் ஒரு இழை பச்சை தலைகாட்டாது. இந்த நாற்பது லிட்டரில் என் மானம் போகிறது. முதலில் கண்ணாடியில் பழுப்பாக மாவு பூத்தது, துடைத்தேன். அப்புறம் பாறை முழுக்கப் பச்சை முடி முளைத்தது. முடிவெட்டும்போது பாதியில் எழுந்து வந்தவன் மாதிரி துரை அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறான். பாசிக்கு வேண்டியது வெளிச்சம், நைட்ரேட், பாஸ்பேட். விளக்கு ஆறு மணி நேரம்தான் எரிய வேண்டும் என்று டைமர் மாட்டினால், "இந்த லைட்டுலதாண்டா ஊசியில நூல் கோக்க வருது" என்று அம்மா அதைக் கழற்றி வைக்கிறாள். சரி, மூன்று நாள் முழு இருட்டு கொடுத்தால் பாசி பட்டினியில் சாகும் என்று தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடினேன். மாடி வீட்டுக்காரர் வாசலிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, சத்தமில்லாமல் உள்ளே வந்து என் தோளைத் தொட்டு, "எப்ப ஆச்சு?" என்றார். துணி போட்டதைக் கேட்கிறார் என்று "நேத்து சாயங்காலம்" என்றேன். "உசுரு போறப்ப ரொம்பக் கஷ்டப்பட்டுதா?" "இன்னும் சாகல சார். சாக மூணு நாள் ஆகும்." அன்றிலிருந்து அவர் நம்மோடு பேசுவதில்லை.

பாசி தின்னும் கடல் நத்தை பத்து வாங்கி விட்டேன். ஒன்பது தொட்டியில் இருக்கின்றன. பத்தாவதை அப்பா தன் ஷூவுக்குள் கால் விரலால் கண்டுபிடித்தார். பாறையை ஒரு பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். அது பழையதல்ல, அப்பாவுடையது என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. "என்னடா, பேஸ்ட்டு உப்புக் கரிக்குது?" என்றார். பேஸ்ட்டில் ஒன்றுமில்லை என்ற உண்மையை மட்டும் சொன்னேன்.

இத்தனைக்குப் பிறகும் நைட்ரேட் இறங்கவில்லை. மிஞ்சுகிற தீனி அழுகித்தான் நைட்ரேட் ஆகும். துரைக்கு நான் போடுவது நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி. ஒரு சிட்டிகைக்கு இவ்வளவு நைட்ரேட் வராது. எங்கிருந்தோ உள்ளே வருகிறது, எங்கிருந்து என்றுதான் பிடிபடவில்லை. பொறுமை போய், தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "அந்தப் பாழாப்போன தொட்டி யாருக்கு வேணும்? தூக்கிப் போடு!" என்றார். ஒரு மூலையைத் தூக்கினேன். "டேய் டேய், வைடா! கண்ணாடி உடைஞ்சா யாரு கூட்டுறது?" வைத்துவிட்டேன்.

ஆகவே, இந்த வீட்டில் கூடியிருப்பது பாசி மட்டுமே. நீங்கள் பெட்டியோடு வந்து நின்று, "உன்னை யாரு வரச் சொன்னது?" என்று அப்பா கேட்டால், நீங்கள் என் செய்தியைக் காட்டுவீர்கள். அப்புறம் எட்டு மாதம் எட்டு வருஷமாகிவிடும். உங்கள் இருவரையும் அதற்கு மேல் ஒட்டவைக்க எந்தப் பசையாலும் முடியாது. அதனால்தான் சொல்கிறேன், வராதீர்கள்.

அம்மா விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதையும் எழுதிவிட்டேன். அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை எடுக்க முன்னறைக்குப் போனேன். அப்பா தொட்டிக்கு முன்னால் முதுகு காட்டி நின்றுகொண்டு, "தம்பி, சாப்ட்டியா?" என்றார். "ஆச்சுப்பா" என்றேன். தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். கேட்டது என்னை அல்ல. தீனி டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். மூடி மட்டும் என் காலடிக்கு உருண்டு வந்தது. "எத்தனை வேளைப்பா போடுறீங்க?" "நீ போடுற சிட்டிகை யாருக்குடா பத்தும்? அவன் இருந்தா இப்படிப் பட்டினி போடுவானா?" "எத்தனை வேளை?" "அஞ்சு." எட்டு மாதமாக, நாளைக்கு ஐந்து வேளை. நைட்ரேட் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. இரண்டு நாளாக நான் தேடிக்கொண்டிருந்த உங்கள் ஏழு பக்கமும் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். அறையைக் காலி செய்யுங்கள். அப்பா இப்போது கொல்லையில் உட்கார்ந்து துவைக்கும் கல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "அவன் வந்து வழுக்கி விழுந்தா எனக்குச் சிரிப்பு வந்துடும்டா" என்றார். கையில் என்ன பிரஷ் என்று அப்போதுதான் பார்த்தேன். வரும்போது எனக்கு ஒரு பல் பிரஷ் வாங்கி வாருங்கள்.