கிளீனர் சைடு டிஸ்க்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கைப் பிடுங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, வேலை முடிந்த பூரிப்பில் டீ சொல்லி அனுப்பியவன் நான். நாமக்கல்லில் முட்டை லாரி ஆபீஸ் ஒன்றுக்கு மானேஜர். நிறையப் படித்தவன் வேறு.

ஸ்டெப்னியைப் போல ஒரு முன்ஜாக்கிரதைக்காரர் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தாலும் ஜோடியாகத்தான் பிறப்பார். லோடு விவரமெல்லாம் ஏறும் எங்கள் லினக்ஸ் கம்ப்யூட்டர் மெஷினைப் பார்த்துக்கொள்பவர் அவர். பெயர், டிரைவர்கள் வைத்தது. இரண்டு கையிலும் வாட்ச், பையில் இரண்டு போன், பெல்ட்டுக்கு மேல் பெல்ட், மதியத்துக்கு இரண்டு டிபன் பாக்ஸ்.

"ரெண்டு வாட்சும் வேற வேற நேரம் காட்டுனா?" என்று ஒருநாள் மடக்கினேன்.

"எது நின்னுபோச்சுன்னு பாப்பனுங்க. நின்னதை நம்பப்படாது."

மெஷினிலும் அப்படியே. எதை எழுதினாலும் இரண்டு டிஸ்க்கிலும் பதியும். "லாரிக்குப் பின்னால ஜோடி டயரு இருக்குதில்லீங்க? ஒண்ணு பஞ்சரானா இன்னொண்ணு தாங்கும். இதுக்குப் பேரு மிர்ரரு."

மெஷினில் அப்படி ஒரு டயர் பஞ்சராகி நாளாகியிருந்தது. எச்சரிக்கை மெயில்களைக் கடன் விளம்பரம் என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தேன். அன்று காலைதான் திரையைப் பார்த்தேன்: ஓடும் டிஸ்க்குக்கு ஒன்று வீதம் இரண்டு U நிற்க வேண்டிய இடத்தில் ஒரு U, பக்கத்தில் வெறும் கோடு. போன் போட்டேன்; ஸ்டெப்னி சேலம் அஸ்தம்பட்டியில் இருந்தார்.

"மெஷினை அணைச்சுப்போட்டு கிளீனர் சைடு டிஸ்க்கைக் கழட்டி வைங்க. நான் வாரேன்."

லாரித் தொழிலில் இடது பக்கம் கிளீனர் சைடு. மெஷினுக்கு எதிரே நின்று, என் இடது கைப் பக்கம் இருந்ததைப் பிடுங்கினேன். திரும்ப ஆன் செய்தேன்.

டிரைவர் முத்துசாமி, லோடு எந்த ஊருக்கு என்று கேட்டு வந்தார். திரையைப் பார்த்து, "முத்துசாமி கொச்சியிலதானே இருக்காரு!" என்றேன்.

"ஏனுங்க, அப்ப இங்க நிக்கறது ஆருங்க?"

வெளியே வெயிலில் முட்டை ஏற்றிய லாரிகள். மெஷினில் மிச்சமிருந்தது என்றோ நின்றுபோன டிஸ்க்; எது எந்த ஊருக்கு என்பது நான் பிடுங்கி வைத்த டிஸ்க்கில் மட்டுமே இருந்தது. இரண்டையும் சேர்த்து மாட்டினால் தானாகச் சரியாகிவிடும் என்று கையை நீட்டினேன். வாசலில் ஸ்டெப்னியின் அலறல்.

"தொடாதீங்க சாமீ! பழசு புதுசு மேல ஏறிருச்சுன்னா மொத்த ஆபீசும் கொச்சிக்குப் போயிரும்!"

"இடது பக்கந்தானே எடுத்தேன்?"

"எதுருல நின்னுக்கிட்டா பாப்பாங்க? வண்டிக்குள்ள உக்காந்தாப்பல பாக்கோணும்!"

டிரைவர்கள் ஒருமனதாகத் தலையாட்டினார்கள். அந்த இரும்புப் பெட்டிக்குள் எப்படி உட்காருவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னில் நடந்த மாற்றங்களை எண்ணி வைத்திருக்குமாம். இரண்டையும் தனித்தனியாக விசாரித்தார். எண் கூடியிருந்ததைத் தூக்கிக் காட்டி, "இது ஓடுன வாட்சு!" என்றார். அதை மட்டும் மாட்டினார். முத்துசாமி நாமக்கல்லில்! கைதட்டல் கூரையைத் தூக்கியது. லாரிகள் கிளம்பின.

பிறகு தன் வண்டிப் பெட்டியிலிருந்து உபரி டிஸ்க்கை எடுத்துச் சேர்த்தார். அதில் காப்பி ஆகும் சதவீதம் திரையில் ஏற ஏற, மிச்சமிருந்த டிரைவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் போலக் கத்தினார்கள். கடைசியில் இரண்டு U! ஒரே விசில்.

பயத்தில் நான் சாப்பிடாததை அவர் கவனித்திருக்கிறார். இரண்டாவது டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தினார். அது யாருக்கு என்று அதுவரை நான் கேட்டதே இல்லை.

முத்துசாமிதான் ஆரம்பித்தார்: "டிஸ்க்குக்கு ஜோடி இருக்குது. மானேஜருக்கும் ஒரு மிர்ரரு போட்றலாமுங்களா?"

"வேண்டாஞ்சாமி," என்றார் ஸ்டெப்னி. "மிர்ரரு தப்பையும் அப்படியே காப்பி எடுத்துரும்."