காற்றுக்கு ஒரு வடை மாலை

நான் வரவில்லை என்று சொல்லிவிட்டால் என் மனைவி சுப்புலக்ஷ்மியும் போகமாட்டாள். இதுதான் திட்டம். முழுத் திட்டமும் இவ்வளவுதான்.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் தினம் காலையில் வாக்கிங் போகிற பெண்கள் கூட்டம் ஒன்று உண்டு. நடப்பது கொஞ்சம், பேசுவது மிச்சம். அதற்குத் தலைவி எங்கள் அபார்ட்மெண்ட் மூன்றாம் மாடி மமதா. துருக்கியில் பலூன் திருவிழா நடக்கிறது, குரூப்பாகப் போகலாம், கணவர்களும் வரலாம் என்று ஆரம்பித்துவைத்தது அவள்தான். 'கணவர்களும் வரலாம்' என்று மமதா சொன்ன தொனியை என் மனைவி அப்படியே நடித்துக் காட்டினாள். காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு என்கிற தொனி.

"ஏன்னா, நீங்களும் வரேளா?"

"எதுல ஏறணும்?"

"பலூன்லதான். கீழ ஒரு கூடை. அதுல நாமெல்லாம் நிப்போம். தலைக்கு மேல அடுப்பு எரியும். அதுக்கும் மேல துணி."

"கூடை, அடுப்பு, துணி. எல்லாம் நம்மாத்து அடுக்களையிலயே இருக்கு. இதுக்கு பாஸ்போர்ட் வேறயா?"

"வரேளா இல்லையா, அதைச் சொல்லுங்கோ."

எனக்கு உயரம் ஆகாது. வீட்டில் பல்ப் மாற்றுவதற்கு ஸ்டூலில் ஏறுகிறவள் அவள்தான். நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன், கண்ணை மூடிக்கொண்டு. ஆனால் இதை வெளியில் சொல்ல முடியுமா? கர்நாடகத் தலைமைச் செயலகமான விதான சௌதாவில் அண்டர் செக்ரெட்டரியாக இருந்து ரிடையரானவன் நான்.

"நான் வரலை" என்றேன், ஃபைலில் கையெழுத்துப் போடுகிற குரலில்.

இப்போது அவள் 'அப்போ நானும் போகலை' என்று சொல்ல வேண்டும். கல்யாணமான நாள் முதல் அதுதான் வழக்கம். காசிக்கு நான் வரவில்லை என்றேன், அவளும் போகவில்லை. அவள் தங்கை வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வரவில்லை என்றேன், அவளும் போகவில்லை.

"சரி" என்றாள்.

சரிக்குப் பிறகு ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். சூட்கேஸ்தான் வந்தது.

அவளை ஏர்போர்ட் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பரவாயில்லை, ஃபேனை நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஐந்தில் வைத்தேன். குளிரெடுத்தது. குறைக்கச் சொல்லிச் சண்டை போட ஆளில்லாததால் நானே எழுந்து குறைத்தேன்.

அடுத்த வீட்டு ரங்கநாதன் சாயங்காலம் காபிக்கு வந்தார்.

"குடுத்து வெச்சவர் சார் நீங்க. கேக்க ஆளே இல்லை. ஜாலி."

"ஜாலிதான்" என்றேன்.

"நினைச்சா சாப்பிடலாம், நினைச்சா தூங்கலாம்."

"ஆமாம், நினைக்கணும்."

அப்போது அவர் போன் அடித்தது. அவர் மனைவி. 'சப்பாத்தி ஆறிப்போறது, எங்க போய்த் தொலைஞ்சேள்' என்று அவள் போட்ட சத்தம் ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது. "பாத்தேளா சார், நிம்மதியா ஒரு காபி குடிக்க விடமாட்டா" என்று சலித்துக்கொண்டே போனார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதற்கப்புறம் நாட்கள் நகரவே இல்லை. பாலை நிறுத்தச் சொல்ல மறந்து, தினம் இரண்டு பாக்கெட் வந்தது. எல்லாவற்றையும் தயிராக்கினேன். ஃப்ரிட்ஜைத் திறந்தால் எந்தத் தட்டிலும் தயிர்தான். அவள் பார்க்கிற சீரியலை, வருஷக்கணக்காக நான் திட்டித் தீர்த்த சீரியலை, உட்கார்ந்து பார்த்தேன். வந்ததும் கதை கேட்பாளே, சொல்ல வேண்டாமா? ஒரு நாள் முழுக்க என்னிடம் பேசிய ஒரே மனுஷர், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்து ஓ.டி.பி. கேட்டவர். நம்பரைச் சொல்லிவிட்டு, "காபி சாப்பிடறீங்களா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அவளிடமிருந்து போன் வரும், இல்லை என்று சொல்லமாட்டேன். "சாப்பிட்டேளா? மாத்திரை போட்டுண்டேளா? வெச்சுடறேன், பஸ் கிளம்பறது." பின்னால் பத்துப் பெண்கள் சிரிப்பது கேட்கும். நான் 'ம்' சொல்வதற்குள் லைன் போய்விடும். நான் இல்லாமலே சிரிக்கிறாளே என்பதுதான் எனக்கு வருத்தம்.

அப்போதுதான் இரண்டாவது திட்டம் பிறந்தது. பலூன் ஏறாமல் போனால்? 'நீங்க சொன்னது சரிதான், ஆத்துலயே இருந்திருக்கலாம்' என்று திரும்பி வருவாள். இனிமேல் ஜன்மத்துக்கும் என்னைத் தனியாக விட்டுப் போகமாட்டாள். பலூன் ஏறாமலிருக்க என்ன வேண்டும்? காற்று. பலமான காற்றடித்தால் பலூனை விடமாட்டார்கள் என்று அவளே சொல்லியிருந்தாள். காற்றுக்கு யாரைப் பிடிப்பது?

தெருமுனையில் ஆஞ்சநேயர் இருக்கிறார். வாயு புத்திரர். அவர் தன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். விதான சௌதாவில் இதற்கு சிபாரிசு என்று பெயர். எனக்கு நன்றாகப் பழக்கமான விஷயம்.

பலூனுக்கு முதல் நாள் சாயங்காலம் போய் நின்றேன். "ஸ்வாமி, யாருக்கும் அடிபடக் கூடாது. பலூன் மட்டும் ஏறக் கூடாது. காத்தடிச்சா உங்களுக்கு நூத்தெட்டு வடையில மாலை."

மறுநாள் நான் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருக்கும்போது வாட்ஸப் வந்தது. 'ஒரே காத்து. இன்னிக்கு பலூன் கேன்சல்.' கையைக் கூடக் கழுவாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தெய்வத்துக்கு பாக்கி வைக்கக் கூடாது. அன்றைக்கே மாலை சாத்தினேன். அர்ச்சகர் அலங்காரத்தோடு என்னையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து, கோவில் வாட்ஸப் குரூப்பில் 'இன்றைய சேவை: சுந்தரேசன் குடும்பத்தார்' என்று போட்டுவிட்டார். அந்த குரூப்பில் என் மனைவியும் இருக்கிறாள் என்பது எனக்கு அவள் போன் வந்த பிறகுதான் உறைத்தது.

"ஏன்னா, வடை மாலை சாத்தினேளா?"

"ம், சும்மா."

"சும்மா யாராவது நூத்தெட்டு வடை தட்டுவாளா? போட்டோவுல பல்லெல்லாம் தெரிய நிக்கறேள். என்ன வேண்டுதல்?"

"உனக்காகத்தான்" என்று வாய் முந்திக்கொண்டது. "பலூன் நல்லபடியா ஏறி, நல்லபடியா இறங்கணும்னு."



"எனக்காகவா?"

"பின்ன யாருக்காக?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. 'போதும், கிளம்பி வந்துடு, இங்க என்னால இருக்க முடியலை' என்று சொல்லியிருக்கலாம். "ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்றுதான் சொன்னேன்.

காற்று அடுத்த நாளும் அடித்தது, அதற்கடுத்த நாளும் அடித்தது. ஆஞ்சநேயர் வாங்கின வடைக்கு மேலேயே வேலை பார்த்தார். திருவிழா முடிந்தது. திரும்பும் நாள் வந்தது. நான் வீடு பெருக்கி, தயிரையெல்லாம் ரங்கநாதன் வீட்டில் தள்ளிவிட்டு, முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். மமதா போனில் கூப்பிட்டாள்.

"அங்கிள், நீங்க க்ரேட் அங்கிள். ஆன்ட்டி சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு ஊதுபத்தி ஏத்துவாரா எனக்காக?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா. எப்போ ஃப்ளைட்?"

"சும்மா இருங்க அங்கிள். நீங்க வடை மாலை போட்டு, அது வேஸ்ட்டாப் போகலாமா? எல்லாரும் சேந்து டிசைட் பண்ணிட்டோம். டிக்கெட் தள்ளிப் போட்டாச்சு. திருவிழா முடிஞ்சாலும் இங்க தினமும் பலூன் விடுவாங்களாம். பலூன் ஏறாம யாரும் வரமாட்டோம்."

"எத்தனை நாள்?"

"காத்து நிக்கற வரைக்கும் அங்கிள்."

பாதி முகத்தில் சோப்போடு சோபாவில் உட்கார்ந்தேன். கூட்டம் மொத்தமும் என் பேரைச் சொல்லி அங்கேயே தங்கிவிட்டது. பொய்க்குத் தண்டனை இத்தனை சுருக்காகக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

மறுபடி கோவில்.

"மத்தே பந்த்ரா, மறுபடி வந்துட்டீங்களா சார்? இன்னொரு வேண்டுதலா?" என்றார் அர்ச்சகர்.

"காத்து நிக்கணும், ஸ்வாமி."

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். "எங்க சார் காத்து? இங்க அரச இலை கூட அசையலையே."

"இங்க இல்லை. துருக்கியில."

அவர் கற்பூரத்தை ஏற்றினார். இன்னொரு வடை மாலைக்குச் சொல்லி, தட்டை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆஞ்சநேயரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? "பலூன் ஏறட்டும். அவ ஆசைப்பட்டதெல்லாம் பாக்கட்டும். ஆனா ஆத்துக்கு வந்துடட்டும்" என்றேன். அதுதான் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது.

காற்று நின்றது. கூடையிலிருந்தே வீடியோ கால் வந்தது. "கீழ பாருங்கோ" என்று போனைத் திருப்பினாள். மல்லேஸ்வரத்தில் என் சோபாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் முகம் தெரிந்தது. எதையும் பிடித்துக்கொள்ளாமல், வாயெல்லாம் சிரிப்பாக, எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்திரம்" என்றேன். அடுப்பு இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை.

வந்து சேர்ந்தாள். நான் போட்ட காபியைக் குடித்தாள். நன்றாக இல்லை என்று சொல்லக் கூட இல்லை. இதுதான் சமயம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், காற்று விஷயம் தவிர.

"தனியா இருக்க முடியலைடி. பேச்சுக்கு ஆளில்லாம கேஸ்காரரைப் போய் காபிக்குக் கூப்பிட்டேன். அடுத்த தடவை நானும் வரேன். கண்ணை மூடிண்டாவது உன் பக்கத்துல நிக்கறேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. எழுந்து அடுக்களைக்குப் போய் உளுந்து டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"எதுக்கு உளுந்து?"

"ஆஞ்சநேயருக்கு. ஒரு மாலை பாக்கி இருக்கு."

"நான்தான் சாத்திட்டேனே."

"அது உங்களோடது. இது நான் கிளம்பறதுக்கு முன்னாடி வேண்டிண்டது. நீங்க வரலைன்னு சொல்லணும்னு" என்றாள். "இப்போ அடுத்த தடவைக்கும் சேத்து ரெண்டா சாத்தணும் போலிருக்கே."