பத்தொன்பது பேருக்கு மேல் இல்லை

ஜீப் வாசலில் நிற்பதற்குள், விசைத்தறி முதலாளி பாலகோபால் தன்னுடைய நாற்பது தொழிலாளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்குள் விரட்டிவிட்டார்.

இருபது பேர் இருந்தால் பி.எஃப். கட்டவேண்டும். ஆகவே, பல்லடத்தில் அவருடைய தறிக்கூடத்தில் அரசாங்கம் பார்க்கும்போதெல்லாம் பத்தொன்பது பேர்தான். இதில் அவருக்கு இன்னொரு லாபமும் இருந்தது. கண் மங்கி, இந்த மாதத்தோடு வேலையிலிருந்து நிற்கப்போகும் வெள்ளியங்கிரி, இத்தனை வருச உழைப்புக்குச் சேரவேண்டிய கிராஜுவிட்டிப் பணத்தைப் போன வாரம் கேட்டபோது, "பி.எஃப்.லயே உன் பேரு இல்ல. அப்பறம் கிராஜுவிட்டி எங்கிருந்து வரும்?" என்று முடித்துவிட்டார்.

ஜீப்பிலிருந்து ஒல்லியான அதிகாரி இறங்கினார்.

"கோயமுத்தூர் ஆபீசுலருந்து..."

"தெரியுமுங்க, வாங்க. மொத்தமே பத்தொம்பது பேருதானுங்க."

"இத்தனை தறிக்கா?"

"எல்லாம் கைதேர்ந்த ஆளுங்க. ஒவ்வொருத்தரும் இருவது வருசமா இங்கதான் இருக்கறாங்க. புது ஆளே சேக்கறதில்லீங்க."

பண்ணையில் யாரோ இருமினார்கள்.

"அங்க யாருங்க?"

"கோழிங்க. சளி புடிச்சிருக்குதுங்க."

"பொகை வருதுங்களே?"

"சீக்குக்கு சாம்பிராணி போடறமுங்க."

சாம்பிராணியில் பீடி வாசம் அடித்தது. அதிகாரி பேச்சை மாற்றினார்.

"அந்தப் பக்கத்துத் தறிகள்ல துணி பாதியில நிக்குதுங்களே, யாரு ஓட்டறது?"

"நானேதானுங்க" என்றார் பாலகோபால். சொன்ன பிறகு ஓட்டிக் காட்டாமல் இருக்க முடியுமா? சுவிட்சைப் போட்டார். தறி அவருடைய பட்டு ஜிப்பாவின் கையைத் துணியோடு சேர்த்துச் சுருட்டத் தொடங்கியது. தொழிலதிபர் மெல்ல மெல்லத் தறிக்குள் போய்க்கொண்டிருந்தார். வெள்ளியங்கிரி ஓடி வந்து நிறுத்தினார்.

"அசையாதீங்க மொதலாளி, கத்திரி கொண்டாறேன்."

ஒற்றைக் கை ஜிப்பாவோடு வெளியே வந்தவரிடம் அதிகாரி கேட்டார்: "இவரும் புது ஆளு இல்லீங்களே?"

"யாரு, வெள்ளியங்கிரியா? கூடம் தொறந்த நாள்லருந்து இருக்கறாருங்க. ஒரு நாள் லீவு போட்டதில்லீங்க. எனக்கு அண்ணன் மாதிரிங்க."

"இதெல்லாம் எழுதிக் குடுப்பீங்களா?"

"தாராளமா எழுதிக்கங்க."

அதிகாரி எழுத, பாலகோபால் படித்துக்கூடப் பார்க்காமல் மூன்று சுழி போட்டுக் கையெழுத்திட்டார். ஓர் இளநீரைச் சீவச் சொல்லி அதிகாரியின் கையில் கொடுத்தார். முதலாளிக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

"உங்களாட்ட பி.எஃப். ஆபீசரு கெடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கோணுமுங்க."

அதிகாரி இளநீரைக் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பி.எஃப். வேற ஆபீசுங்க, நான் வெள்ளியங்கிரி போட்ட கிராஜுவிட்டி மனுவுக்கு வந்தவன், அதுக்குப் பத்துப் பேரும் அஞ்சு வருசமும் இருந்தாப் போதுமுங்க."