அஞ்சு சத மாமாவும் ராகலைத் துண்டும்

அஞ்சு சத மாமா நோட்டைக் கிழிக்காமல் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. அந்த நோட்டில் படமாக இருந்த இங்கிலாந்து ராசாவே பெண் கேட்டு வந்திருந்தாலும் கிழித்துத்தான் கொடுத்திருப்பார்.

யுத்தகாலத்தில் இலங்கையில் சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தபோது அச்சடித்த காகித ஐந்து சதம் அது. ஒருபக்கம் மட்டும் அச்சு; மறுபக்கம் மொட்டை. நடுவில் தபால் முத்திரைத் தாளில் இருப்பதுபோல் துளை வரிசை. கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மற்றது மூன்று சதம். இரண்டும் கடையில் தனித்தனியாகச் செல்லும். சுதந்திரம் வந்த பிறகும் மாமாவின் கோட்டுப் பையில் ஒரு கட்டு இருந்தது.

மாமா கல்யாணத் தரகர். பெண் பார்த்து முடிந்ததும் நோட்டைக் கிழித்து மூன்று சதத்தை மாப்பிள்ளையிடமும் இரண்டு சதத்தைப் பெண்வீட்டிலும் கொடுப்பார். சம்மதம் என்றால் எட்டு நாளுக்குள் துண்டை அவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம்.

"மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொன்னா மனசு ஒடிஞ்சிரும் தம்பி. நான் யாரையும் நேர்ல கேக்க மாட்டேன், சத்தியம்."

"மாப்புள வீட்டுக்கு ஏன் மாமா ஒரு சதம் கூட?"

"திமிரும் கூடத்தானே!"

இரண்டு துண்டும் வந்துவிட்டால் கிழிந்த ஓரங்களைச் சேர்த்துவைத்து, "பல்லோட பல்லு ஒட்டிருச்சு, பத்துப் பொருத்தமும் இருக்கு!" என்று கூவுவார். எந்த நோட்டைக் கிழித்தாலும் பல் ஒட்டும் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியமில்லை.

கந்தப்பளைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த எனக்கு ராகலையில் செல்லம்மாவைக் காட்டினார். வெட்கமில்லாமல் அன்றைக்கே என் துண்டைக் கொடுத்துவிட்டேன். எட்டு நாளாகியும் அவள் துண்டு வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் மாமா வந்து என் மூஞ்சியைப் பார்த்தார். "சீ, ஆம்புள அழுவானா?" என்று திட்டினார். பிறகு கொட்டுகிற மழையில் குடையைக்கூட எடுக்காமல் வெளியே போனார்.

சாயங்காலம் தொப்பலாக நனைந்து திரும்பினார்.

"அந்தப் புள்ளைக்குச் சம்மதம்டா! துண்ட அனுப்பச் சொல்லி அன்னைக்கே அப்பன்கிட்ட குடுத்திருக்கு. அந்தாளு அதுக்கு வெத்தல வாங்கித் தின்னுட்டான்!"

"அடக் கடவுளே! உங்களுக்கு எப்படி மாமா தெரிஞ்சிச்சு?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "நேர்லயே கேட்டுட்டேன்டா. 'ஏம்மா, எங்க புள்ளைய ஏன் வேணாங்குறே?'ன்னு."

எங்க புள்ள என்றாராம்! நான் அப்பா இல்லாதவன். செல்லம்மாவைக்கூட ஒரு நிமிஷம் மறந்து, ஈரக் கோட்டோடு அவரைக் கட்டிக்கொண்டேன்.