வெளிச்ச வரம்புச் சட்டம்

மலைக்கும் கடலுக்கும் நடுவே ஏந்தல் நாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் பானையில் புளியங்கொட்டை போட்டு மன்னரைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் மறுநாளிலிருந்து தான் மன்னராகவே பிறந்ததாக நம்பத் தொடங்கிவிடுவார்.

அந்நாட்டில் பள்ளிக்கூடம், நூலகம், சத்திரம் எதுவானாலும் படம் போட்டுக் கொடுக்கும் அதிகாரம் தலைமைக் கட்டடக்காரர் அம்பலவாணருக்குத்தான். நூற்றெட்டுத் தூண்கள் நிற்கிற தர்பார் மண்டபம் அவர் கட்டியது. அவருடைய அலுவலகத்தில் பதினோரு வருடம் கோடு போட்டுக்கொண்டிருந்தவள் உமையாள். ஒருநாள் அவர் வரைந்த படிக்கட்டைப் பார்த்து, "ஐயா, பிள்ளைத்தாய்ச்சி இதுல ஏற முடியாதுங்களே" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சரி. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அடுத்த வாரமே அவளை நாட்டின் கோடியிலிருந்த ஓரிக்காட்டுக்கு மாற்றினார். அங்கே ஒரு பள்ளிக்கூடமும் நூலகமும் கட்டும்படி உத்தரவு முழுசாகப் போனது; செங்கல்லும் ஆளும் பாதிதான் போயின.

மூன்று வருடம் கழித்து மன்னர் ஓரிக்காட்டுக்கு உலா போனார். அம்பலவாணரும் உடன் போனார். பள்ளிக்கூடத்தைக் கண்டதும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உமையாள் ஓட்டுக் கூரையை இரண்டு அடுக்காகப் போட்டு நடுவே இடைவெளி விட்டிருந்தாள். சூடு அந்த வழியே வெளியேறிவிட, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. தரையில் உட்காரும் குழந்தையின் கண் மட்டத்துக்கு ஜன்னல்கள். நூலகத்தில் அந்த ஜன்னல்களுக்கு அகலமான மேடை வைத்திருந்தாள். அதில் பிள்ளைகள் காலை நீட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மன்னர் நுழைந்ததும் எல்லாரும் எழுந்தார்கள், ஒரு சிறுமியைத் தவிர. "செத்த இருங்க, இந்தப் பக்கத்தை முடிச்சிட்டு எந்திரிக்கிறேன்" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.

திரும்பும் வழியில் ரதத்துக்குள் மன்னர் கேட்டார்: "அம்பலவாணரே, என் தர்பாரில் மட்டும் பட்டப்பகலில் விளக்கு எரிகிறதே, ஏன்?"

"அது கம்பீரம், மன்னவா."

"அந்தப் பள்ளியில் எரியவில்லையே."

தர்பாரில் நான்கு ஜன்னல் திறந்துவிடலாம் என்று அம்பலவாணர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த ஜன்னல்களை வைக்க மறந்தவர் அவரல்லவா. "குடிகளின் கட்டடம் அரசரின் கட்டடத்தைவிட வெளிச்சமாக இருப்பது மரியாதைக் குறைவு" என்றார். மன்னரின் முகம் தெளிந்தது.

இப்படித்தான் வெளிச்ச வரம்புச் சட்டம் பிறந்தது. வாசகத்தை எழுதியவர் அம்பலவாணர். பள்ளி, நூலகம், மருத்துவமனை, சத்திரம் ஆகிய எதிலும் தர்பாரைவிட ஒளி மிகக் கூடாது. மிகுந்தால் ஜன்னலை அடைக்க வேண்டும். பட்டியலைப் படித்த மந்திரி சொக்கேசர், "சிறைச்சாலை விடுபட்டிருக்கிறதே?" என்று கேட்டார். "சிறையைப் பார்த்து எவர் பொறாமைப்படப் போகிறார்?" என்றார் மன்னர். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

நாடெங்கும் ஜன்னல்களுக்குச் செங்கல் வைத்தார்கள். அடுத்து, எல்லாப் பள்ளி வாசல்களும் அரண்மனையைப் பார்த்தே இருக்க வேண்டுமென்று ஆணை வந்தது. அரண்மனைக்குக் கிழக்கே இருந்த ஊர்களில் மாலை வெயில் வாசல் வழியாகப் பிள்ளைகளின் முதுகைச் சுட்டது. நூலகக் கூரை மன்னரின் உயரத்துக்கு மேல் ஒரு சாணுக்கு மிகக் கூடாது என்று மூன்றாம் ஆணை வந்தது. நெட்டையானவர்கள் குனிந்தபடி புத்தகம் தேடினார்கள். பிள்ளைகளுக்குக் கண் எரிந்தது. விளக்குப் புகையில் இருமினார்கள். பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள்.

"வருகை குறைந்திருப்பது, குடிகள் போதுமான கல்வியை எய்திவிட்டதையே காட்டுகிறது" என்று சொக்கேசர் சபையில் அறிக்கை வாசித்தார்.

உமையாள் மட்டும் ஒரு ஜன்னலையும் அடைக்கவில்லை. "பிள்ளைங்க கண்ணைக் கட்டுறதுக்கு நான் கொத்துக்கரண்டி பிடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஒளிக் குற்றத்துக்கு மூன்றாண்டு தண்டனை விதித்து உப்பளத்துச் சிறைக்கு அனுப்பினார்கள். ஓரிக்காட்டு ஜன்னல்களை ஆள் வைத்து அடைத்தார்கள். அன்றைக்கு அம்பலவாணர் வயிறாரச் சாப்பிட்டார். ஆனாலும் உள்ளே ஏதோ ஆறவில்லை.

உப்பளத்துச் சிறை மழைக்கு ஒழுகிக் கிடந்தது. கட்டத் தெரிந்த கைதி ஒருத்தி வந்திருக்கிறாள் என்றதும் காவல் அதிகாரி சந்தோஷப்பட்டு, "உனக்குத் தோணின மாதிரி சரி பண்ணும்மா" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். சட்டத்தில் சிறை இல்லை. உமையாள் சுவரை இடித்துக் காற்றுக்கு வழி விட்டாள். கண் மட்டத்தில் கம்பி போட்ட ஜன்னல் வைத்தாள். நடுமுற்றத்தில் வாசிக்க ஒரு கூடம் எழுப்பினாள்.

செய்தி மெல்லப் பரவியது. ஓரிக்காட்டு ஆசிரியை முதலில் வந்தாள். அடைத்த ஜன்னலிலிருந்து ஒரு செங்கல்லை உருவியதற்கு ஆறு மாதம். அவளோடு அவள் மாணவர்கள் நாற்பது பேரும் ஆளுக்கொரு செங்கல் உருவிக்கொண்டு வந்தார்கள். ஒரு வருடத்தில் சிறை வாசலில் வரிசை நின்றது.

இடையில் தேர்தல் வந்தது. கைதிகளுக்கு வாக்கு இல்லை. வெளியே மிஞ்சியவர்கள் ஜன்னல் அடைத்த பள்ளிக்கூடங்களுக்குள் போய், எது யார் பானை என்று தெரியாமல் தடவித் தடவிக் கொட்டையைப் போட்டார்கள். மன்னர் முன்னைவிடப் பெரிய வெற்றி பெற்றார்.

வெற்றி விழா முடிந்த கையோடு அவர் அம்பலவாணரை அழைத்தார். "என் நாட்டில் ஓர் இடத்துக்குள் நுழைய மக்கள் வரிசையில் நிற்கிறார்களாம். அது என் அரண்மனை இல்லையாம். பார்த்துவிட்டு வந்து எழுதும்."

அம்பலவாணர் போனார். வாசிப்புக் கூடத்தில் வெயில் தரையில் பாய் விரித்த மாதிரி கிடந்தது. பிள்ளைகள் சத்தம் போட்டுப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் கட்டிய நூற்றெட்டுத் தூணில் ஒன்றின் மேலும் எவரும் இப்படிச் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. பழைய எரிச்சல் மறுபடி பற்றியது.

உமையாள் கைச்சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "வாங்கய்யா! நல்ல நேரத்துல வந்தீங்க. வடக்குச் சுவர் ஈரம் வாங்குது. தர்பார்ச் சுவர் இத்தனை மழைக்கும் அசையலையே, பூச்சுல என்னய்யா சேர்த்தீங்க?"

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். இத்தனை வருடமாகத் தான் மட்டும் தனியாகப் போட்டி போட்டுக்கொண்டிருந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"கடுக்காய்த் தண்ணீர். பனைவெல்லம். பத்து நாள் புளிக்கணும்" என்றார். பிறகு அவரே அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார். பொழுது சாயும் வரை இருவரும் சுவரைப் பற்றியே பேசினார்கள். அவருக்கு அத்தனை மகிழ்ச்சியான நாள் வாய்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாள் அறிக்கை எழுத உட்கார்ந்தார். உண்மையை எழுதினால் சிறையும் இருண்டுவிடும். பொய் எழுதினால் மன்னர் நேரிலேயே வந்து பார்ப்பார். தாளை வெறுமையாக விட்டுவிட்டு, இரண்டு வேட்டியை மூட்டை கட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போய் வரிசையில் நின்றார்.

அவர் முறை வந்தது. காவல் அதிகாரி பேரேட்டைப் புரட்டினார். "ஜன்னல் ஏதாவது திறந்தீங்களா ஐயா?"

"இல்லை."

"ஒரு செங்கல்லாவது உருவினீங்களா?"

"இல்லை."

"பின்னே என்ன குத்தம்னு எழுதிக்கட்டும்?"

அம்பலவாணர் தலையைக் குனிந்துகொண்டார். "பொறாமை" என்றார்.

அதிகாரி பேரேட்டை மூடினார். "அது குத்தமில்லீங்களே ஐயா. அதுதானே சட்டம்" என்று சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னால் கையில் செங்கல்லோடு நின்றவளை உள்ளே வரச் சொன்னார்.